வான்கோமைசின் படிகத்திற்குள் தெரிவது என்ன? – கேள்வி பதில்

காரைக்குடி வட்டார வேதியியல் மாணவர்களும் ஆசிரியர்களும் கேட்ட கேள்விகளுக்கு, எக்ஸ் கதிர்ப் படிகவியலில் பணியாற்றும் நம் உறுப்பினர் ஒருவர் அளித்த விடைகள்.

தேவகோட்டை, முதுகலை மாணவி: ஐயா, 1950களில் கிடைத்த வான்கோமைசின் என்னும் பாக்டீரியக்கொல்லி மருந்தின் முழுப் படிக அமைப்பு 1996இல்தான் வெளியானது. ஏன் இத்தனை தாமதம்?

ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைப் போலப் படிகத்திலும் ஓர் அலகே திரும்பத் திரும்ப வருகிறது. அந்த அலகில் எந்த அணு எங்கே இருக்கிறது என்பதே கேள்வி. படிகத்தில் பட்டுச் சிதறும் எக்ஸ் கதிர்ப் புள்ளிகளின் செறிவைக் கருவி பதிவு செய்யுமே தவிர, அலைகளின் கட்டத்தை, அதாவது அலையின் மேடுபள்ளம் எங்கே நிற்கிறது என்பதை, பதிவு செய்யாது; அது தெரியாமல் அணுக்களின் இடத்தைக் கணக்கிட முடியாது. சிறு மூலக்கூறுகளுக்குக் கணிதத்தைக் கொண்டே கட்டத்தை மீட்டுவிடலாம். வான்கோமைசினிலோ ஹைட்ரஜன் நீங்கலாக 101 அணுக்கள் உள்ளன. அலகில் இரண்டு மூலக்கூறுகள் சேர்ந்து நிற்பதால் சுமை இரட்டிப்பாகிறது. படிகவியலாளர் ஷெல்ட்ரிக்கின் குழுவினர் அதையும் நேரடி முறையிலேயே, அதாவது கணிதத்தைக் கொண்டே, தீர்த்தனர்.

காரைக்குடி, கல்லூரி ஆசிரியர்: 1978இலேயே ஓர் அமைப்பு வெளிவந்ததே?

வந்தது, ஆனால் அது வான்கோமைசினுடையது அன்று. மருந்து நல்ல படிகமாகாததால், அது சிதைந்து உண்டாகும் சிடிபி-1 என்னும் பொருளை ஆராய்ந்தார்கள். சிதையும்போது மருந்திலுள்ள அஸ்பராஜின் என்னும் அமினோ அமிலம் அமோனியாவை இழந்து ஐசோஅஸ்பார்ட்டிக் அமிலமாக மாறிவிடுகிறது என்பது 1982இல்தான் தெளிவாயிற்று. எக்ஸ் கதிர் பொய் சொல்லவில்லை. தட்டில் வைத்த பொருள் வேறு. ஆகவே படிகத்தைக் கரைத்து, உள்ளிருப்பது எதுவென்று நிறை நிறமாலையில் (மூலக்கூறின் நிறையை அளக்கும் முறையில்) சரிபார்க்காமல் கட்டுரை எழுத உட்காராதீர்கள் என்பேன்.

சுவையான செய்தி ஒன்று: 1996இன் அமைப்பில் ஒரு மூலக்கூறின் பிணைப்புக் குழியில், அதாவது மருந்து தன் இலக்கைப் பற்றும் பள்ளத்தில், அசிட்டேட் என்னும் சிறு அயனி அமர்ந்திருக்கிறது; மற்றதில் அதே அஸ்பராஜினின் பக்கச் சங்கிலி மடங்கிக் குழியை மூடியிருக்கிறது.

திருப்பத்தூர், மருந்தியல் மாணவர்: எதிர்ப்புத் திறன் பெற்ற கிருமிகளைப் பற்றி இது என்ன சொல்கிறது?

பாக்டீரியச் சுவரைக் கட்டும் முன்னோடி மூலக்கூறில், டி-அலனைன் என்னும் அமினோ அமிலம் இரண்டு சேர்ந்த டி-அலனைன்–டி-அலனைன் முனையை மருந்து ஐந்து ஹைட்ரஜன் பிணைப்புகளால் பற்றுகிறது. எதிர்ப்புப் பெற்ற என்டரோகாக்கஸ் என்னும் பாக்டீரியா கடைசி அலனைனுக்குப் பதில் லாக்டேட்டை வைக்கிறது. இரு அலனைன்களை இணைத்த அமைடு பிணைப்பின் நைட்ரஜன் இருந்த இடத்தில் ஆக்சிஜன் வருவதால் ஒரு பிணைப்பு அறுவதோடு, எதிரெதிரே நிற்கும் இரு ஆக்சிஜன்களும் ஒன்றையொன்று விலக்கித் தள்ளுகின்றன. பிணைப்பு வலிமை ஏறத்தாழ ஆயிரம் மடங்கு குறைகிறது.

கானாடுகாத்தான், பள்ளி மாணவன்: வீட்டில் படிகம் வளர்க்கலாமா?

இம்மருந்தை வேண்டாம் தம்பி, படிகாரத்தில் தொடங்குங்கள். சித்திரை வெயிலில் கரைசல் விரைந்து வற்றினால் பொடிப்பொடியாகவே விழும். ஆகவே மூடி வைத்து, ஆடாத நிழலான மூலையில் விடுங்கள்.