கனமான ரிஃபும் பாடக்கூடிய மெட்டும்: ‘இன் அப்சென்ஷியா’ கேள்வி பதில்

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் கிதார் சொல்லிக்கொடுக்கிறேன். போர்க்குப்பைன் ட்ரீ குழுவின் ‘இன் அப்சென்ஷியா’ ஆல்பத்தைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொன்னதும், தோட்டம், பட்டணம் என்று எல்லாப் பக்கமிருந்தும் கேள்விகள் வந்துவிட்டன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எல்ஃபில் தோட்டத்துத் தம்பி: அண்ணே, நான் கேட்டதே இல்லை. என்ன ஆல்பம் இது?

2002 செப்டம்பரில் வந்த இங்கிலாந்து ராக் குழுவின் ஆல்பம். 12 பாட்டு, ஏறக்குறைய 68 நிமிடம். ஸ்டீவன் வில்சன் பாடி, கிதார் வாசித்து, பெரும்பாலான பாட்டுகளை எழுதியிருக்கிறார். ரிச்சர்ட் பார்பியரி கீபோர்டு, காலின் எட்வின் பேஸ், கேவின் ஹாரிசன் டிரம்ஸ். ஹாரிசனுக்கு இந்தக் குழுவில் இதுதான் முதல் ஆல்பம். தயவுசெய்து போன் ஸ்பீக்கரில் கேட்காதே. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

தைப்பிங் வாசகர்: பழைய ஆல்பங்களில் மிதந்துகொண்டிருந்த குழு, இதில் திடீரென்று மெட்டல், அதாவது கனத்த ராக் பக்கம் போனது ஏன்?

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2001-ல் வெளிவந்த ஓபெத் குழுவின் ‘பிளாக்வாட்டர் பார்க்’ ஆல்பத்தைத் தயாரித்ததில் வில்சனுக்குப் பங்கு உண்டு. ஓபெத் சுவீடன் நாட்டு மெட்டல் குழு. ஒரே பாட்டில் உறுமவும் செய்வார்கள், மென்மையாகப் பாடவும் செய்வார்கள். அவர்களோடு வேலை செய்ததில் கனமான கிதார் மேல் வில்சனுக்கு மறுபடியும் ஆசை வந்தது. ஆனால் அவர் பாட்டு எழுதும் விதத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

முதல் பாட்டு ‘பிளாக்கஸ்ட் ஐஸ்’-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சில நொடி மெதுவாக நரம்பு மீட்டும் ஓசை. அப்புறம் திடீரென்று ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிதார் துணுக்கு, விழுகிறது. கூட்டத்தில் தலையாட்டத் தயாராகும் நேரத்தில் சரணம் வருகிறது பாருங்கள், அக்கூஸ்டிக் கிதார் அடித்து ஏதோ வானொலிப் பாட்டு மாதிரி சாதாரணமாகப் பாடுகிறார். பல்லவியில் குரல்களை அடுக்குகிறார்கள். அந்த மெட்டைத் தனியாக, கிதாரே இல்லாமல், குளித்துக்கொண்டே பாடலாம். பாட்டு அப்படி நிற்பதால்தான் ரிஃப் திரும்பி வரும்போது நெஞ்சில் இடிக்கிறது. நம் ஊர் பையன்கள் பலர் ரிஃபை மட்டும் ஒட்டி ஒட்டி ஏழு நிமிடம் ஓட்டுகிறார்கள். இரண்டாவது நிமிடத்திலேயே காது மரத்துப்போகிறது.

லிந்தாங் தம்பி: அண்ணே, எந்தக் கிதார் வாங்கலாம்?

கையில் இருக்கும் கிதாருக்குப் புது நரம்பு போடு. அடுத்து.

ஹீவுட் தோட்டத்துத் தம்பி: டிஸ்டார்ஷனை முழுசாக வைத்தும் எங்கள் ரிஃப் குழைந்துபோகிறது. அவர்களுடையது மட்டும் எப்படித் தெளிவாகக் கேட்கிறது?

நல்ல கேள்வி, தம்பி. முழுசாக வைத்ததுதான் காரணம். டிஸ்டார்ஷன் என்பது கிதார் ஒலியைக் கரகரவென்று சிதைப்பது. அதன் வழியாக இரண்டு ஸ்வரம் ஒன்றாகப் போனால், அவற்றின் கூட்டலும் கழித்தலுமாகப் புது அதிர்வுகள் முளைக்கும். ஆறாவது நரம்பை ஈ-யிலிருந்து டி-க்கு இறக்கியிருக்கிறாய் என்று வை. அது ஏறக்குறைய 73 ஹெர்ட்ஸ். அதோடு பஞ்சமம் சேர்த்தால் 110. கழித்தால் 37, அதாவது ஒரு ஸ்தாயி கீழே அதே டி. எல்லாம் ஒரே குடும்பம், அதனால் தடிப்பாகக் கேட்கும். நடுவில் காந்தாரத்தைச் சேர்த்தால், கிதாரின் காந்தாரம் சுத்த விகிதத்துக்குச் சற்று மேலே நிற்பதால், முளைக்கிற அதிர்வுகள் ஒன்றோடு ஒன்று உரசும். அதுதான் உனக்குச் சேறாகக் கேட்கிறது. கெயினை, அதாவது டிஸ்டார்ஷன் அளவை, பாதியாகக் குறை, கனமான இடத்தில் இரண்டு ஸ்வரத்தோடு நிறுத்து, மிச்ச கனத்தை பேஸ் தரட்டும்.

போன் ஸ்பீக்கர் விஷயமும் இதுதான். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் 73 ஹெர்ட்ஸ் கிட்டத்தட்ட வராது. காலின் எட்வினின் பேஸ் அதற்கும் கீழே. நீங்கள் கேட்பது ஆல்பத்தின் மேல்தோல்.

பட்டணத்து அம்மா ஒருவர்: என் மகனுக்குப் 13 வயது. கறுப்புச் சட்டையும் இந்தப் பாட்டுமாக இருக்கிறான். இது சாத்தான் பாட்டா?

இல்லை, அக்கா. 2001-ல் கெடா மாநிலத்துப் பக்கம் பிளாக் மெட்டல் (சாத்தானைப் பாடுவதாகப் பேர் வாங்கிய மெட்டல் வகை) பீதி கிளம்பியதிலிருந்து கறுப்புச் சட்டையைப் பார்த்தாலே நம் ஊரில் பயம் வந்துவிடுகிறது. இந்தக் குழு அந்த வகையே இல்லை. ஆனால் ஒன்றை மறைக்க மாட்டேன்: சில பாட்டுகளின் வரிகள் கொலைகாரர்களின் மனதுக்குள் போகின்றன. ‘ஸ்ட்ரிப் த சோல்’ அப்படிப்பட்டது. அதை மட்டும் அவனோடு உட்கார்ந்து கேட்டு, என்ன புரிந்தது என்று பேசுங்கள்.

கோயில் உறுமி மேளக் குழு அண்ணன்: ‘த சவுண்ட் ஆஃப் மியூசாக்’ பாட்டில் 7 அடி வருகிறது. அது நம் மிஸ்ர சாபு தாளம். நம்மிடமிருந்து எடுத்ததுதானே?

சரணம் 7 அடிதான், அண்ணே. ஆனால் எடுத்தார்கள் என்பதை ஏற்க மாட்டேன். பல்கேரியா நாட்டுப்புற ஆட்டத்திலும் ஏழு உண்டு.

ஈப்போ மிருதங்க ஆசிரியர்: ஏழு எண்ணினாலே மிஸ்ர சாபு ஆகிவிடுமா? அது தகிட தகதிமி, மூன்றும் நாலும். அந்தத் தட்டு விழும் இடம் இல்லையென்றால் வேறு தாளம்.

உறுமி அண்ணன் மறுபடியும்: ஐயா, திருவிழாவில் நாங்கள் எண்ணி வாசிப்பதில்லை. உடம்பில் வருகிறது. இந்தப் பாட்டும் எனக்கு அப்படியே வந்தது.

இரண்டு பேர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. அவர்களுடைய ஓர் ஆவர்த்தனத்தை, அதாவது தாளத்தின் ஒரு சுற்றை, இரட்டிப்பாக எண்ணினால் 14. அதற்குள் வேக மிஸ்ர சாபு இரண்டு முறை கச்சிதமாக உட்காரும். அதனால்தான் அண்ணனுக்கு உடனே பிடிபட்டது. ஆனால் முழு அடி முதல் சாபுவில் விழுகிற இடத்தில் இரண்டாவதில் விழாது, அரை அடி நழுவிவிடும். ஐயா சொல்கிற தட்டு அங்கேதான் பிசகுகிறது. ஹாரிசனின் திறமை என்னவென்றால், ஸ்னேர் டிரம்மில் காதுக்கு எட்டியும் எட்டாமலும் மெல்லிய தட்டுகளைத் தூவி அந்த ஏழு அடியை வழுக்கிக்கொண்டு ஓடவிடுகிறார். மேலே போகும் மெட்டு நேர்வழியில் போகிறது. எண்ணிப் பார்க்காதவனுக்கு ஏழு என்றே தெரியாது. கணக்கைக் காட்டிக்கொள்ளாத இந்த அடக்கம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

மிருதங்க ஆசிரியர்: நழுவுவது என்று ஒப்புக்கொண்டீர்கள். அப்புறம் ஏன் சாபு என்கிறீர்கள்?

நான் சாபு என்று சொல்லவில்லை, ஐயா. சாபு உட்காரும் என்றேன்.

சாலாக் தம்பி: அண்ணே, நல்ல கிதார் எது?

மேலே பார்.

கோலகங்சார் தங்கை: இதில் வயலின் மாதிரி வருகிறதே, கீபோர்டா?

சில பாட்டுகளில் உண்மையான தந்தி வாத்தியங்கள்தான், அம்மா. எக்ஸ்டிசி என்ற இங்கிலாந்துக் குழுவில் இருந்த டேவ் கிரிகரி எழுதிக் கொடுத்தது. கடைசிப் பாட்டு ‘கொலாப்ஸ் த லைட் இன்டு எர்த்’ முழுக்க ஒரே பியானோ வடிவம் திரும்பத் திரும்ப வரும், அதன் மேல் இந்த வாத்தியங்கள் மெல்ல ஏறும். கனமான கிதார் ரிஃப் ஒன்றுகூட இல்லை. இயர்போனிலாவது கேள்.

பேர் போடாத ஒருவர்: போன் ஸ்பீக்கரில் நன்றாகத்தானே இருக்கிறது?

இல்லை.

எல்ஃபில் தம்பி மறுபடியும்: முதலில் எந்தப் பாட்டைப் பழகுவது?

‘ட்ரெயின்ஸ்’. அக்கூஸ்டிக் கிதாரில் தொடங்குகிறது, நடுவில் பேஞ்சோவும் கைத்தட்டலும் வரும், கடைசியில்தான் மின்கிதார் பெருக்கெடுக்கும். பாடிக்கொண்டே வாசிக்க வந்த பிறகு டிஸ்டார்ஷன் பெடலை மிதி. கிதார் எது என்று மட்டும் கேட்காதே.

உறுமி அண்ணனுக்கும் மிருதங்க ஐயாவுக்கும்: இதை எழுதி எழுதித் தீர்க்க முடியாது. சனிக்கிழமை ஜாமிங் அறைக்கு இரண்டு பேரும் வாருங்கள், பாட்டை ஓடவிட்டுத் தாளம் போட்டுப் பார்த்துவிடுவோம். காதுக்கு அடைப்பான் கட்டாயம் வேண்டும். 100 டெசிபலில் 15 நிமிடம் இருந்தாலே ஒரு நாளைக்குக் காது தாங்கும் அளவு முடிந்துவிடும், அந்தச் சின்ன அறையில் டிரம்ஸ் ஒன்றே அதைத் தொட்டுவிடும்.