ஹலோபெரிடோல் போட்டும் எலி சீனித்தண்ணியை விடல்லையா?

தங்கச்சி, மூளை இரசாயனமான டோபமினை மறிக்கிற ஹலோபெரிடோல் போட்டும் எலிகள் வெறுந்தண்ணியை விடச் சீனித்தண்ணியைத்தான் கூடக் குடிக்குது, மருந்து பிழையோ எண்டு கேட்டிருந்தீங்க. மருந்தைச் சந்தேகப்படாதீங்க. டோபமினை அழிச்ச எலிகளும் இனிப்பை ரசிக்கும் எண்டு ஆய்வாளர் பெரிட்ஜின்ட குழு 1989இலயே காட்டிட்டாங்க. ருசி நிக்கும், அதுக்காகப் பாடுபடுற ஊக்கம்தான் விழும். நீங்க அளக்கிறது ருசியை.

ஊக்கத்தை அளக்க, லீவரை 5 தரம் அமத்தினா ருசியான குளிகை ஒண்டு, பக்கத்தில சும்மா கிடக்கிற சாதாரணத் தீன், இப்பிடி வையுங்க. பழக்கி முடிச்ச பிறகுதான் ஊசி. கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் போதும், 45 நிமிசத்தால சோதியுங்க. அளவைக் கூட்டினா எலி விறைச்சு நிண்டிடும். பிறகு ஊக்கக் குறைவா, அசைய ஏலாமையா எண்டு பிரிக்கேலாது.

சீனித்தண்ணி, வெறுந்தண்ணி ரெண்டையும் வைக்கிற போத்தல் சோதனையையும் விடாதீங்க. ஆனா வந்தாறுமூலை வெக்கையில 1% சீனிக் கரைசல் கெதியாப் புளிக்கும், தினம் புதுசாக் கரையுங்க. வெறுங்கூட்டில ஒரு போத்தலைக் கொழுவி, ஒழுகினதைக் கழியுங்க.