புது டயர் போட்டும் நேரம் குறையவில்லையே?

கேள்வி: அமெரிக்காவில் வேலை பார்க்கிறேன். காலி மைதானத்தில் கோன் வைத்து, ஒவ்வொரு காராக விட்டு நேரம் எடுப்பார்களே, அந்த ஆட்டோகிராஸில் என் 1990 மியாட்டாவை (மஸ்டாவின் குட்டி இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்) இரண்டு வருடமாக ஓட்டுகிறேன். சாதா டயரைக் கழற்றிவிட்டு, பிடி அதிகமுள்ள யோகோஹாமா ஏ052 டயர் போட்டேன். காற்று பழையபடி 38 பிஎஸ்ஐ. வழக்கமாக எனக்குப் பின்னால் வருபவர் அன்றைக்கு முக்கால் விநாடி முந்திவிட்டார். டயர் சரியில்லையா, நான் சரியில்லையா?

பதில்: டயர் நல்ல டயர். அந்த 38தான் முதல் குற்றவாளி. பக்கச்சுவர் தொளதொளவென்று இருக்கும் சாதா டயர் திருப்பத்தில் மடங்காமல் இருக்கத்தான் அவ்வளவு காற்று வேண்டும். ஏ052-இன் பக்கச்சுவர் விறைப்பானது, உங்கள் காரோ ஆயிரம் கிலோவைக்கூடத் தொடாதது, கதவோரம் ஒட்டிய தாளில் கம்பெனியே 26 என்றுதான் போட்டிருக்கிறது. 38 வைத்தால் டயரின் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும், ஓரம் சும்மா வேடிக்கை பார்க்கும்.

30-இல் ஆரம்பியுங்கள். டயரின் தோள்பட்டையில் வெள்ளை ஷூ பாலிஷால் ஒரு கோடு இழுத்துவிட்டு ஒரு ரன் போய் வந்து பாருங்கள். பக்கச்சுவரில் இருக்கும் குட்டி முக்கோணம் வரை கோடு அழிந்திருந்தால் சரி, அதையும் தாண்டி அழிந்தால் காற்றை ஏற்றுங்கள், பாதியிலேயே நின்றால் இறக்குங்கள். ஒரு தடவைக்கு ஒரு பிஎஸ்ஐ போதும். ஒவ்வொரு ரன்னுக்கும் டயர் சூடாகிக் காற்று தானாக ஏறும், அதையும் அளந்து குறித்து வையுங்கள். நான் ஒருமுறை மத்தியானச் சூட்டில் நாலு டயரிலும் காற்றை இறக்கிவிட்டு அப்படியே வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் காலைக் குளிரில் முதல் திருப்பத்திலேயே கார் படகு மாதிரி ஆடியது, இரண்டு கோன் காலி, கோனுக்கு 2 விநாடி வீதம் 4 விநாடி தண்டம்.

அப்புறம், புது டயரின் மேல், தொழிற்சாலையில் வார்ப்பு அச்சிலிருந்து கழன்றுவரப் பூசிய வழவழப்பு இருக்கும், ரப்பர் கட்டைகளும் முழு உயரத்தில் நெளியும். முதல் நாள் நேரத்தை வைத்து டயரை எடை போடாதீர்கள்.

நீங்களும் கொஞ்சம் காரணம்தான், கோபிக்க வேண்டாம். பழைய டயருக்குப் பிரேக் பிடித்த அதே கோனில்தான் இப்போதும் பிடிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சாதா டயர் கிறீச்சிட்டு எச்சரித்தது, இது அவ்வளவாகச் சத்தம் போடாது, அதனால் இன்னும் பிடி மிச்சமிருப்பது உங்களுக்குத் தெரியவில்லை.

கேள்வி: பேசாமல் ஹூசியர் ஏ7 என்ற பந்தய டயரையே வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். எஸ்சிசிஏ-வின் (இந்தப் போட்டிகளுக்கு விதி வகுக்கும் அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார் சங்கம்) ஸ்ட்ரீட் வகுப்புகளில், அதாவது அதிகம் மாற்றாத சாலைக் கார்களுக்கான பிரிவுகளில், டயர் எவ்வளவு காலம் தாங்கும் என்று காட்டும் தேய்மான எண் 200-க்குக் குறையக் கூடாது, ஏ7-க்கு 40. (அந்த எண்ணைத் தயாரிப்பாளரே போட்டுக்கொள்வதால் 200 என்று எழுதிய எல்லா டயரும் ஒரே ஆயுள் வராது, அது தனிக் கதை.) போட்டு வைத்தால் பெரிய ஆட்களின் வகுப்பில் போய் நிற்பீர்கள். அதோடு தினசரி சாலையில் ஓட்ட அது ஆகாது, இரண்டு கோட்டைத் தவிர வெட்டே இல்லை, மழை வந்தால் கதை கந்தல். மைதானத்துக்குத் தனியாகத்தான் எடுத்துப் போக வேண்டும், மியாட்டாவின் டிக்கியில் நாலு சக்கரம் எங்கே ஏறும்? பின்னால் குட்டி டிரெய்லர் கட்டிக்கொண்டு வருகிற மியாட்டாக்காரர்களிடம் அடுத்த முறை பேச்சுக் கொடுத்துப் பாருங்கள்.