கணையத்தில் நீர்க்கட்டி: அளவை விட வகையைக் கேளுங்கள்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து கணைய நீர்க்கட்டி பற்றி வந்த கடிதங்களில், நாற்பது வயதுக்குட்பட்டவர்கள் தொடர்பானவற்றுக்கு மட்டும் இந்த வாரம் பதில் எழுதுகிறேன்.

எனக்கு 34 வயது. பித்தப்பைக் கல்லுக்காக ஸ்கேன் எடுத்தபோது கணையத்தில் 1.4 செ.மீ. நீர்க்கட்டி என்று எழுதிக் கொடுத்தார்கள். இது புற்றுநோயா? (பாலக்கோடு வாசகி)

வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தென்படும் சிறிய கணையக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல, சகோதரி. ஆனால் "ஒன்றுமில்லை, விடுங்கள்" என்று சொல்லவும் அந்த ஒரு வரி அறிக்கை போதாது. தண்ணீர் போன்ற திரவம் நிறைந்த சீரஸ் கட்டி ஏறக்குறைய எப்போதும் சாதுவானது. கோழை போன்ற திரவம் நிறைந்த மியூசினஸ் கட்டி அப்படியல்ல. அது பெரும்பாலும் பெண்களுக்கு, கணையத்தின் நடுப்பகுதியிலோ வால் பகுதியிலோ வரும். வருடங்கள் கழித்துப் புற்றாக மாறும் வாய்ப்பு அதற்கு உண்டு. வயிற்று அல்ட்ராசவுண்டில் இரண்டுமே கறுப்பு வட்டங்கள்தான். குடலில் உள்ள காற்று வேறு கணையத்தைப் பாதி மறைத்துவிடும்.

ஆகவே அடுத்தது, கணைய, பித்தக் குழாய்களைக் காட்டும் எம்.ஆர்.சி.பி.யுடன் சேர்ந்த எம்.ஆர்.ஐ. அந்த அறிக்கையில் கட்டி கணைய நாளத்தோடு (கணைய நீர் ஓடும் குழாய்) இணைந்திருக்கிறதா, உட்சுவரில் சதை முளைத்திருக்கிறதா, முதன்மை நாளம் எத்தனை மில்லிமீட்டர் அகலம் என்று பாருங்கள். முதன்மை நாளம் 5 மி.மீ.க்கு மேல் விரிந்திருந்தாலோ, சதை முளைப்பு இருந்தாலோ, கட்டி 3 செ.மீ.யைத் தொட்டாலோ எண்டோஸ்கோப்பி வழியாக உள்ளிருந்தே அல்ட்ராசவுண்ட் பார்த்து, ஊசியால் திரவம் எடுத்துச் சோதிப்பார்கள். அந்தத் திரவத்தில் சி.இ.ஏ. என்ற புரதம் மில்லிலிட்டருக்கு 192 நானோகிராமுக்கு மேல் இருந்தால் கோழைக் கட்டி என்று கொள்ளலாம். சி.இ.ஏ. என்றதும் "கேன்சர் டெஸ்ட்" என்று அலறிப் போகிறவர்கள் உண்டு. கட்டித் திரவத்தில் அந்த எண் காட்டுவது வகையைத்தான், புற்றுநோயை அல்ல.

குழந்தைப்பேறு திட்டம் இருந்தால் அதை மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். கர்ப்ப காலத்தில் மியூசினஸ் கட்டிகள் வேகமாகப் பெருத்ததுண்டு.

மகளுக்கு 23 வயது. கணையத்தில் 6 செ.மீ. கட்டி, சாலிட் சூடோபாப்பில்லரி என்று பயாப்ஸி சொல்கிறது. தை மாதம் திருமணம். முடிந்த பிறகு ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாமா? (பர்கூர் வாசகி)

வேண்டாம் அம்மா. முதலில் ஆபரேஷன், பிறகு திருமணம்.

இருபது, முப்பது வயதுப் பெண்களுக்கென்றே வருவது போன்ற கட்டி இது. நிதானமாக வளரும், ஆனாலும் பரவும் தன்மை உள்ளே இருப்பதால் விட்டுவைக்கக் கூடாது. முழுமையாக அகற்றிவிட்டால் நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் நலமாக வாழ்கிறார்கள். கீமோதெரப்பி பொதுவாகத் தேவைப்படுவதில்லை. பின்னால் குழந்தை பெறவும் இது தடையில்லை.

கட்டி வால் பகுதியில் இருந்தால் மண்ணீரலையும் சேர்த்து எடுக்க நேரலாம். அதைக் காப்பாற்ற முடியுமா என்று அறுவை மருத்துவரிடம் நேராகவே கேளுங்கள். எடுக்க வேண்டியிருந்தால் நிமோனியா, மூளைக்காய்ச்சல் கிருமிகளுக்கான தடுப்பூசிகளைக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே போட்டுவிட வேண்டும். இது பல நேரங்களில் மறந்துபோகிறது. மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைக்காதீர்கள். மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணத்துக்காக ஒரு பெண்ணின் உடம்பைக் காத்திருக்கச் சொல்வது நியாயமே இல்லை.

குச்சிக்கிழங்கு (மரவள்ளி) சாப்பிட்டால் கணையம் கெடும் என்கிறார்கள். தம்பிக்குக் கணையத்தில் கல்லும் நீர்க்கட்டியும் இருக்கின்றன. (அரூர் வாசகர்)

மது அருந்தாத இளைஞர்களுக்கும் கணையத்தில் கல் சேர்ந்து, வலியும் சர்க்கரை நோயும் வருவதைக் கேரளத்திலும் தமிழகத்திலும் நீண்ட காலமாகவே பார்த்து வருகிறோம். கிழங்கின் மீது சந்தேகம் எழுந்தது உண்மை, அது நிரூபிக்கப்படவில்லை. ஸ்பிங்க்-1 என்ற மரபணுவில் மாற்றம் உள்ளவர்களிடம் இந்த நோய் அதிகம் காணப்படுகிறது. அரூர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு வேகவைத்துத் தின்னும் கிழங்கை நன்றாக வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டுச் சாப்பிடுங்கள், பயம் வேண்டாம். தம்பி கட்டாயம் விட வேண்டியவை பீடி, சிகரெட், மது.

கணைய அழற்சிக்குப் பின் வரும் கட்டி பெரும்பாலும் போலிக் கட்டி, அதாவது கசிந்த கணைய நீர் தேங்கி உண்டாவது. அது புற்றாக மாறாது. ஆனால் கல்லோடு நாட்பட்டுப்போன கணையத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களை விட அதிகம். எடை இறங்கினாலோ, வலியின் தன்மை மாறினாலோ, கண் மஞ்சளானாலோ ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

கட்டியைக் கரைக்க மூலிகை மருந்து உண்டா? (பென்னாகரம் வாசகர்)

இல்லை. போலிக் கட்டிகள் பல, மருந்தே இல்லாமல் சில வாரங்களில் தானாக வடிந்துவிடும். அந்தப் பெயரைக் கஷாயம் வாங்கிக்கொள்கிறது. கோழைக் கட்டி எதற்கும் கரையாது.

வயது 38. கணையத்தின் கிளை நாளத்தில் ஐ.பி.எம்.என். (நாளத்துக்குள் வளரும் கோழைக் கட்டி), 2.2 செ.மீ. மூன்று வருடமாக மாற்றமில்லை. இனியும் எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டுமா? சமீபத்தில் சர்க்கரை வேறு வந்திருக்கிறது. (ஓசூர் வாசகர்)

எடுக்க வேண்டும். 2024-இல் வெளிவந்த கியோட்டோ சர்வதேச வழிகாட்டுதலின்படி 2 முதல் 3 செ.மீ. வரையுள்ள கட்டியை ஆறு மாத இடைவெளியில் இருமுறையும், மாற்றமில்லை என்றால் பிறகு வருடம் ஒருமுறையும் பார்க்கிறோம். எழுபது வயதுக்காரருக்கு ஒரு கட்டத்தில் நிறுத்தலாம். உங்களுக்கு முன்னால் இன்னும் நாற்பது வருடம் இருக்கிறது. கட்டிக்கும் அத்தனை காலம் இருக்கிறது.

என்னைக் கவலைப்பட வைப்பது அந்தச் சர்க்கரைதான். கட்டி உள்ளவருக்குப் புதிதாகச் சர்க்கரை வருவதை அதே வழிகாட்டுதல் எச்சரிக்கை அறிகுறியாகச் சேர்த்திருக்கிறது. பரம்பரைச் சர்க்கரையாகவே இருக்கலாம். ஆனாலும் மாத்திரை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பாமல், அடுத்த எம்.ஆர்.ஐ.யை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள்; ரத்தத்தில் சி.ஏ. 19-9 என்ற கணையப் புற்றுக் குறியீட்டுப் பரிசோதனையும் செய்யுங்கள். பெங்களூரு போனாலும் வேலூர் போனாலும் பழைய ஸ்கேன் படங்கள் உள்ள சி.டி.க்களை எல்லாம் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வருடத்துக்கு 2.5 மி.மீ. வளர்ச்சிகூடக் கணக்கில் வரும். அதைப் பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் சொல்ல முடியும்.