‘வயக்கெட்டுப் போனாய்’

அன்புள்ள அக்கா,

கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன், வயது 44. ஒரு கம்பனியில் கணக்குப் பகுதியில் வேலை. சென்ற வருடம் டொக்டர், சீனி எல்லையில் நிற்கிறது, பிரஷரும் இருக்கிறது, நிறையைக் குறையுங்கள் என்றார். அப்போது 91 கிலோ. பாணை விட்டேன், இரவுச் சாப்பாட்டை விட்டேன், விடியற்காலையில் காலி முகத்திடலில் நடந்தேன். பத்து மாதத்தில் 22 கிலோ குறைந்தது. அதில் 12 கிலோ முதல் மூன்று மாதத்திலேயே போய்விட்டது. டொக்டருக்குச் சந்தோஷம்.

ஆனால் ஐந்தாம் மாதத்திலிருந்து தலைமுடி கொத்தாகக் கொட்டுகிறது. கந்தோர் ஏசியில் நடுங்குகிறேன். பஸ்ஸில் இருந்தால் முள்ளந்தண்டின் அடி எலும்பு குத்துகிறது. கோயிலில் விழுந்து கும்பிட்டு எழும்பினால் தலை சுற்றுகிறது. கல்யாண மோதிரம் குசினித் தொட்டியில் கழன்று விழுந்தது. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சனங்கள்தான் அதைவிட. தெருவில் கண்டவர்கள் எல்லாம் “என்ன வருத்தம்?” என்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மா வீடியோவில் பார்த்துவிட்டு அழுதா. பதினொரு வருடம் என்னோடு ஒரே மேசையில் சோத்துப் பார்சல் பிரித்தவ இப்போது வேறு மேசைக்குப் போகிறா. இத்தனை வருடம் என்னை நிமிர்ந்து பார்க்காத மனேஜர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறார். அதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் இப்படி இருக்கிறேனே, நான் நன்றி கெட்டவளா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தார். கடிதத்தைச் சுருக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள தங்கைக்கு,

மோதிரம் விழுந்த இடத்தில் சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். என்னுடையது சூடை மீன் கழுவிய தண்ணீரில் கிடந்தது. எட்டு வருடத்துக்கு முன் சீனி வருத்தம் என்று சொன்ன பிறகு நானும் 14 கிலோ குறைந்தவள். ஆகவே இது டொக்டரின் பதில் அல்ல, உங்களுக்குச் சற்று முன்னால் அதே படியில் இறங்கிய ஒருத்தியின் பதில்.

தலைமுடியில் தொடங்குகிறேன். முடிக்கு வளரும் காலமும் உண்டு, ஓயும் காலமும் உண்டு. சாப்பாடு திடீரென்று குறைந்தால் உடம்பு வீட்டுச் செலவைச் சுருக்குவதுபோலச் சுருக்கும். அதன் கணக்கில் முடி அவசியச் செலவு இல்லை. ஏராளமான முடிகள் ஒன்றாக ஓய்வுக்குப் போய், இரண்டு மூன்று மாதம் தலையிலேயே நின்றுவிட்டுப் பிறகுதான் விழும். நீங்கள் வேகமாக மெலிந்தபோது ஒன்றும் தெரியாமல் ஐந்தாம் மாதத்தில் சீப்பு நிறைந்ததற்குக் காரணம் அதுதான். எண்ணெயோடு சண்டை பிடிக்க வேண்டாம். பிள்ளை பெற்ற பிறகு கொட்டுவதும் கடும் காய்ச்சலுக்குப் பிறகு கொட்டுவதும் இதே கணக்கு. டெங்கு வந்து எழும்பியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் நின்று, நெற்றி ஓரத்தில் குட்டி முடி முளைக்கும். ஆனால் இரவுச் சாப்பாட்டோடு சேர்த்து மீனையும் பருப்பையும் முட்டையையும் விட்டுவிட்டீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அவற்றைத் திரும்பக் கோப்பைக்குக் கொண்டு வாருங்கள். இரத்தத்தில் இரும்புச் சத்தையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

குளிரும் எலும்புக் குத்தலும் கற்பனை இல்லை. அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-45இல் ஒரு பரிசோதனை நடந்தது. போருக்குப் போக மனச்சாட்சி இடம் தராத 36 இளைஞர்கள் தாங்களாக முன்வந்து ஆறு மாதம் அரைவயிற்றோடு இருந்தார்கள். உடல் நிறையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு போனது. கோடை காலத்திலும் அவர்களுக்குக் குளிர்ந்தது. முடி கொட்டியது. வெறும் கதிரையில் இருக்க முடியாமல் தலையணையோடு திரிந்தார்கள். சமையல் புத்தகங்களை நாவல்போல வாசித்தார்கள். நீங்கள் பட்டினி கிடக்கவில்லை, டொக்டர் சொல்லித்தான் குறைத்தீர்கள். இருந்தாலும் உடம்புக்கு அந்த வித்தியாசம் சரியாகப் புரியாது. தோலுக்கு அடியில் கம்பளிபோல இருந்த கொழுப்பு போய்விட்டது. உள்ளே அடுப்பையும் உடம்பு கொஞ்சம் தணித்து வைத்திருக்கிறது. கந்தோரில் ஒரு சால்வை வையுங்கள். இருக்கும் இடத்து மெத்தையும் அந்தக் கொழுப்புத்தான், இப்போது எலும்பு நேரே பலகையில் படுகிறது. எனக்கு இது விளங்கியது கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரத்தில். முழுக்கக் கருங்கல்லில் கட்டிய கோயில். பூசை முடியும்வரை தரையில் இருந்தேன், எழும்பும்போது நடராசரைப் பார்க்காமல் என் நாரியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தலைச்சுற்றலை மட்டும் விளையாட்டாக எடுக்காதீர்கள். பிரஷருக்குக் குளிசை எடுக்கிறீர்கள் என்றால், அது 91 கிலோ பெண்ணுக்குக் கொடுத்த அளவு. இப்போது 69 கிலோ பெண் அதை விழுங்குகிறா. நிறை குறைய பிரஷரும் இறங்கும், குளிசை அதை இன்னும் இறக்கும், எழும்பினால் சுற்றும். சீனிக்குக் குளிசை எடுப்பவர்களுக்கு, சில வகைகளில், இதே விதமாகச் சீனி அளவுக்கு மீறி விழலாம். நீங்களாகக் குளிசையை நிறுத்தவும் வேண்டாம், அடுத்த கிளினிக் வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். இந்தக் கிழமையே போய்க் காட்டுங்கள். வலது பக்க விலாவுக்குக் கீழே, எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பிறகு பிடித்து இழுக்கும் நோ வந்தாலும் சொல்லுங்கள். வேகமாக மெலிபவர்களுக்குப் பித்தப்பையில் கல் வருவதுண்டு. கிழமைக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் குறைப்பவர்களுக்கு அந்தப் பயம் கூட. நீங்கள் அந்த வேகத்தில் போகவில்லை, நல்லது.

மோதிரத்தைச் சிறிதாக்கச் செட்டியார் தெரு நகைக்கடைக்குக் கொண்டு ஓடாதீர்கள். நிறை ஓர் இடத்தில் ஆறு மாதம் நிற்கட்டும், அதுவரை அடியில் நூல் சுற்றிப் போடுங்கள். நான் அவசரப்பட்டு வெட்டுவித்து, மூன்று கிலோ திரும்ப ஏறியபோது விரலில் சவர்க்காரம் பூசிக் கழற்ற வேண்டி வந்தது. வெட்டிய துண்டுத் தங்கத்தையும் கேட்டு வாங்க மறந்தேன், அந்தக் கவலை தனி.

நீங்கள் கேட்காத ஒன்று: அந்த 22 கிலோ எங்கே போனது? வியர்வையாகப் போனது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 2014இல் அவுஸ்திரேலியர் இருவர் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 10 கிலோ கொழுப்புக் கரைந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் வெளியேறுகிறது, மீதி 1.6 கிலோதான் தண்ணீர். உங்கள் 22இல் கொஞ்சம் தசையும் தண்ணீரும் சேர்ந்திருக்கும். மற்றதில் பெரும்பங்கைக் காலி முகத்திடல் காற்றில் ஊதி விட்டிருக்கிறீர்கள்.

இனிச் சனங்கள்.

நான் மெலிந்த மூன்றாம் மாதம், எங்கள் பிளாட்டில் மேல் மாடி அன்ரி ஒரு நெஸ்டமோல்ட் பைக்கற்றும் நாலு அப்பிளும் கொண்டு வந்து கதவைத் தட்டினா. கதிரை நுனியில் இருந்துகொண்டு, குரலைத் தாழ்த்தி, “பிள்ளை, எனக்கு மட்டும் சொல்லும், எந்த இடத்திலயாம்?” என்றா. புற்றுநோய் என்று முடிவு கட்டி, எந்த உறுப்பு என்பது மட்டும்தான் அவவுக்குத் தெரிய வேண்டியிருந்தது. நடக்கிறேன், சோறு குறைத்துவிட்டேன் என்றேன். நம்பவில்லை. போகும்போது என் தலையைத் தடவிவிட்டுப் போனா. கோபம் வந்தது. ஆனாலும் சொல்கிறேன், கேட்பவர்கள் எல்லோரும் மடையர்கள் இல்லை. காரணமில்லாமல் மெலிவது கசம் (காசநோய்), தைரொயிட், கட்டுப்பாட்டில் இல்லாத சீனி, புற்றுநோய் எல்லாவற்றுக்கும் அடையாளம்தான். உங்களுக்குக் காரணம் தெரியும், தெருவுக்குத் தெரியாது. “டொக்டர் குறைக்கச் சொன்னவர்” என்ற மூன்று சொல்லோடு நிறுத்திவிடுங்கள். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று விளக்கப் போனால் பஸ் போய்விடும்.

2022இல் கொழும்பில் மெலிந்தவர்களை யாரும் இப்படி மறித்துக் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. காஸ் இல்லை, பெற்றோல் இல்லை, வரிசையில் நின்றே எல்லோருடைய பெல்ட்டும் ஓர் ஓட்டை உள்ளே போன வருடம். எல்லோரும் ஒன்றாக மெலிந்தால் அது செய்தி. ஒருத்தி தனியாக மெலிந்தால்தான் வம்பு.

மேசை மாறிப் போன சிநேகிதிக்கு வருகிறேன். கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த வரிதான். எங்கள் ஆட்களின் ஒவ்வொரு கூட்டத்திலும் மொத்தமானவருக்கு ஓர் உத்தியோகம் உண்டு. எங்கள் குடும்பத்தில் அது என்னுடையது. சட்டியின் அடியை வழிப்பது நான். கல்யாணப் பந்தியில் “அவவுக்கு இன்னொரு கரண்டி போடுங்கோ” என்று சொல்லிச் சிரிக்க ஆள் நான். படம் எடுக்கும்போது பின்வரிசை எனக்கு. எனக்குப் பக்கத்தில் நின்றால் மச்சாள் மெலிவாகத் தெரிவா. அது அவவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் கோப்பையைத் தள்ளி வைத்த அன்று அந்த உத்தியோகம் காலியானது. அடுத்த பார்வை யார் கோப்பைக்குப் போகும் என்ற பயம் பந்தியில் எல்லோருக்கும் வந்தது. மச்சாள் எட்டு மாதம் சரியாகக் கதைக்கவில்லை. உங்கள் சிநேகிதியும் உங்களிடம் கோபித்துப் போனதாக நான் நினைக்கவில்லை. நீங்கள் பார்சலில் பாதியைச் சுற்றி வைக்கும்போது, அவ தன் பாதியைக் குற்றவாளிபோலச் சாப்பிட வேண்டியிருக்கிறது. பதினொரு வருடம் இருவரையும் சேர்த்து வைத்தது கதையா, கொத்துரொட்டியா என்பது இப்போது தெரிந்துவிடும். நாளைக்கு ஒரு பிளேன்ரீயோடு அவவின் மேசைக்கு நீங்களே போங்கள். சாப்பாட்டைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்காமல் மனேஜரைப் பற்றிக் கதையுங்கள்.

மனேஜர் கதவு பிடிப்பதைப் பற்றி: அந்தக் கோபம் நியாயமானது. அதை அடக்க வழி சொல்ல மாட்டேன். 91 கிலோவில் அதே கதவால் வந்த பெண்ணை அவர் பார்க்கவில்லை என்பதை இன்று ஒவ்வொரு நாளும் கதவைத் திறந்து காட்டிக்கொண்டிருக்கிறார். முன்பு, எல்லோரோடும் அவர் அப்படித்தான் என்று நினைத்திருப்பீர்கள். இப்போது அப்படி இல்லை என்று தெரிந்துவிட்டது. எனக்கு அது சாறிக் கடையில் நடந்தது. முன்பு “உங்கட அளவுக்கு இல்லை” என்று தலை நிமிராமல் சொன்ன பையன், அடுத்த வருடம் கதிரை போட்டு, சோடா வேண்டுமா என்று கேட்டான். அவனுக்கு நான் புது ஆள். வீட்டுக்கு வந்து அழுதேன். எனக்காக இல்லை, முந்திய வருடம் அந்தக் கடையில் நின்றவளுக்காக. நீங்கள் நன்றி கெட்டவள் இல்லை, அந்த 91 கிலோ பெண்ணின் பக்கம் நிற்கிறீர்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும், எனக்கு வெட்கமான விஷயம். மெலிந்த இரண்டாம் வருடம், 100ஆம் நம்பர் பஸ்ஸில் ஒரு மொத்தமான பெண் என் பக்கத்தில் வந்திருந்தா. நான் ‘ச்’ என்று சத்தம் போட்டு யன்னல் பக்கம் ஒதுங்கினேன். அவவுக்குக் கேட்டது. எனக்கு எத்தனையோ தரம் கேட்ட அதே சத்தம். அதே மாதத்தில் ஒரு கல்யாண வீட்டில் ஒன்றுவிட்ட தங்கச்சியின் கோப்பையைப் பார்த்து “இவ்வளவு சோறா?” என்றும் கேட்டிருந்தேன். அவள் சாப்பிடாமல் எழும்பிப் போனாள். அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். பஸ்ஸில் வந்தவவை எங்கே தேடுவது? உங்கள் மனேஜரைத் திட்டும்போது என்னையும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக்கும் காலம் கொடுங்கள். நான் ஒரு வருடத்துக்குமேல் பஸ்ஸின் நடுவழியில் பக்கவாட்டாகத்தான் நடந்தேன், நேரே நடக்க இடம் இருந்தும். தொங்கும் தோலைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, இருந்தால் அது கொஞ்சம் சுருங்கும், முழுக்கச் சுருங்காது. இரவில் என் குறட்டை நின்றது. என் கணவர் நித்திரையால் எழும்பி, மூச்சு வருகிறதா என்று என் மூக்கடியில் விரலை வைத்துப் பார்ப்பார்.

கடைசியாக அம்மா. ‘வயக்கெட்டுப் போனாய்’, மெலிந்து வாடிப் போனாய், என்று சொல்லித்தானே அழுதிருப்பா? எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்குள் பசி, வருத்தம், கவலை மூன்றும் இருக்கும். அந்தத் தலைமுறை பிள்ளைகள் மெலிந்து கண்டது 1995 இடப்பெயர்வில், பிறகு 2009இல் முகாம் முள்ளுக்கம்பிக்குப் பின்னால். காலி முகத்திடலில் காசு செலவழித்துச் சப்பாத்து வாங்கி நடந்து மெலிவதை அவ எங்கே கண்டா? போனின் சின்னச் சதுரத்தில் உங்கள் கன்ன எலும்பு மட்டும்தான் தெரியும். வீடியோவில் விளங்கப்படுத்த வேண்டாம். ஒரு வெள்ளிக்கிழமை இரவு வெள்ளவத்தையிலிருந்து வெளிக்கிடும் யாழ்ப்பாண பஸ்ஸில் ஏறுங்கள். காலையில் அவவின் குசினியில் இருந்து, அவ போட்ட குரக்கன் புட்டையும் மீன் குழம்பையும் அவ கண் முன்னால் சாப்பிடுங்கள். இரண்டாம் தரம் போட வந்தால் கொஞ்சம் வாங்குங்கள், ஒரு நாளில் நிறை ஏறாது. பிறகு கிணற்றில் நாலு வாளி தண்ணீர் அள்ளி ஊற்றிக் காட்டுங்கள்.

பஸ்ஸுக்கு ஒரு சின்னத் தலையணை கொண்டு போங்கள். சீற்று பலகைதான்.

அன்புடன்,
அக்கா