உட்கார்ந்தால் மனம் நிற்கவில்லை: கேள்வி பதில்

இருபத்தாறு வருஷம் மனநல வார்டில் நர்ஸாக இருந்துவிட்டு இப்போது மார்த்தாண்டத்தில் வீட்டோடு இருக்கிறேன். நெருக்கடியான நேரத்தில் கவனம் சிதறுவதைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். தமிழ்நாடு கேரள எல்லையில் உள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் இருந்தும் அந்தப் பக்கம் இருந்தும் கேள்விகள் வந்துவிட்டன. மருந்து எழுதும் அதிகாரம் எனக்கு இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பாறசாலை, நீட் இரண்டாம் முறை எழுதும் மாணவி: சேச்சி, புத்தகத்தைத் திறந்த ஐந்தாவது நிமிஷம் கை ஃபோனுக்குப் போகிறது. மேஜைமேல் கவிழ்த்துத்தான் வைக்கிறேன்.

கவிழ்த்து வைத்தால் போதாது மக்களே. அடுத்த அறையில் அம்மாவிடம் கொடு. ஃபோன் அணைந்து மேஜைமேல் கிடந்தாலே மூளையின் ஒரு பங்கு அங்கே போய்விடுகிறது என்று 2017இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. பிறகு செய்து பார்த்தவர்களுக்கு எல்லா முறையும் அந்த முடிவு கிடைக்கவில்லை, அதனால் அதை வேதவாக்காகச் சொல்ல மாட்டேன். ஆனால் எழுந்து நடந்து போய்க் கேட்டு வாங்க வேண்டிய பொருளைப் பாதிப் பேர் எடுக்கவே மாட்டார்கள், அதை என் வீட்டிலேயே பார்த்துவிட்டேன். பரீட்சைப் பயம்தான் உன்னை ஃபோனுக்குத் துரத்துகிறது என்றால் இன்னொன்று செய். மாதிரித் தேர்வுக்கு முன் பத்து நிமிஷம், எதற்குப் பயப்படுகிறாய் என்பதை ஒளிக்காமல் ஒரு தாளில் எழுது. 2011இல் சிகாகோவில் மாணவர்களை அப்படி எழுத வைத்துப் பார்த்தார்கள். பயம் அதிகம் உள்ளவர்களுக்குத்தான் மதிப்பெண் நன்றாகக் கூடியது.

அருமனை, ரப்பர் பால் வெட்டுபவர்: குரூப் 4க்குப் படிக்கிறேன். ராத்திரி 3 மணிக்குத் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு முந்நூறு மரம் வெட்டுவேன், ஒரு மரத்தில்கூட மனம் விலகாது. பகலில் புத்தகம் எடுத்தால் ஒரு பக்கம் தாண்டுவதில்லை. எனக்குப் படிப்பு வராதா?

தம்பி, இன்று வந்ததில் எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. உங்களுக்குக் கவனம் இருக்கிறது, முந்நூறு மரம் அதற்குச் சாட்சி. கத்தி கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், கொஞ்சம் மேலாகப் போனால் பால் குறைவு. ஒவ்வொரு வெட்டுக்கும் சரியா தப்பா என்று அந்த இடத்திலேயே பதில் வந்துவிடுகிறது. வாசிக்கும்போது அந்தப் பதில் வருவதில்லை, கண் வரிமேல் ஓடிக்கொண்டே இருக்கும், மனம் வேறெங்கோ போனது தெரியவே தெரியாது. அதனால் படிப்பையும் வெட்டு மாதிரி ஆக்குங்கள். ஒரு பக்கம் வாசியுங்கள், மூடுங்கள், நினைவிலிருந்து எழுதுங்கள், திறந்து சரிபாருங்கள். திரும்பத் திரும்ப வாசித்தவர்களைவிட மூடிவைத்து எழுதிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது என்று 2006இல் ஓர் ஆய்வு சொன்னது.

இன்னொன்று, 3 மணிக்கு எழுகிறவர் எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள்? அதைச் சொல்லவில்லையே. மதியம் ஒரு தூக்கம் போட்டுவிட்டுப் படிக்க உட்காருங்கள். தினம் 6 மணி நேரமே தூங்க வைத்து 14 நாள் சோதித்தபோது, ஒரு ராத்திரி முழுக்கத் தூங்காதவர்கள் அளவுக்குக் கவனம் கெட்டிருந்தது. அவர்களோ தாங்கள் சரியாகத்தான் இருக்கிறோம் என்றே சொன்னார்கள். அதுதான் எனக்குக் கவலை. தூக்கத்தை வெட்டாதீர்கள், யாருக்கும் இதையேதான் சொல்வேன்.

வள்ளவிளை, வீட்டில் தையல் வேலை செய்பவர்: வீட்டுக்காரர் ஆழ்கடலுக்குப் போனால் திரும்ப ஒரு மாதம்கூட ஆகும். காற்று என்று செய்தி வந்துவிட்டால் எனக்கு ஒரு வேலையும் ஓடாது. தைத்ததையே பிரித்துத் தைக்க வேண்டியிருக்கிறது. 2017க்கு அப்புறம் இப்படித்தான் அக்கா.

தங்கச்சி, ஒக்கிப் புயல் வந்த அந்த 2017 நவம்பர் 30க்குப் பிறகு சில நாள் நான் தூத்தூர்ப் பக்கம் வந்திருந்தேன். அடுப்பில் சோறு கரிவது தெரியாமல் கடலையே பார்த்துக்கொண்டு நின்றவர்களைப் பார்த்தேன். அது மனத்தளர்ச்சியும் இல்லை, சோம்பலும் இல்லை. ஆபத்து இருக்கிறது, நம் கையில் ஒன்றும் இல்லை என்கிறபோது மூளையின் முன்பகுதி, ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவைக்கிற பகுதி, பிடியை விட்டுவிடும். வேகமாகப் பயப்படுகிற பழைய பகுதிகள் பொறுப்பை எடுத்துக்கொள்ளும். காவல் நிற்கிற மனம் ஜாக்கெட் அளவைப் பார்க்காது. அதைத் திட்டிப் பயனில்லை. "நினைக்காதே" என்று சொன்னால் இன்னும் அதிகமாக நினைக்கும், 1987இலேயே சோதித்துப் பார்த்த விஷயம் அது.

அதனால் கவலைக்கு ஒரு நேரம் கொடுங்கள். 1983இல் இந்த முறையை ஆராய்ந்தார்கள், வார்டில் நான் நிறையப் பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தினம் ஒரே நேரம், ஒரே இடம், அரை மணி. சாயங்காலம் 5 மணிக்கு வீட்டுப் பின்புறத் திண்ணை என்று வையுங்கள். தையல் மெஷின் முன்னால் வேண்டாம், படுக்கையில் வேண்டவே வேண்டாம். நடுவில் பயம் வந்தால் ஒரு நோட்டில் ஒரு வரி எழுதி, "5 மணிக்கு" என்று சொல்லிவிட்டுத் துணியை எடுங்கள். 5 மணிக்கு உட்கார்ந்து எழுதியதையெல்லாம் வாசியுங்கள், அழுகை வந்தால் அழுங்கள். அதில் இன்று செய்ய முடிகிறது எது என்று பாருங்கள். போட் முதலாளியிடம் கடைசியாக வயர்லெஸ்ஸில் எப்போது பேசினார்கள் என்று கேட்கலாம். வானிலைத் துறை அறிவிப்பைக் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை பார்க்கலாம். வாட்ஸாப்பில் யாரோ அனுப்புகிற குரல் செய்தி மட்டும் வேண்டாம், அதைக் கேட்டுத்தான் பாதி வீடுகளில் தூக்கம் போகிறது. முதல் வாரம் இந்த முறை ஒன்றுமே செய்யாத மாதிரித் தெரியும். விடாதீர்கள்.

காற்று நாளில் துணி வெட்டாதீர்கள். ஓரம் மடிப்பது, கொக்கி வைப்பது என்று கை தானாகச் செய்யும் வேலையை அந்த நாளுக்கென்று ஒதுக்கி வையுங்கள். எழுந்து போகும் முன் அடுத்த தையல் எங்கே என்று சாக்பீஸால் குறியுங்கள். வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, அந்த நாட்களின் காட்சி கண்முன் வந்து நிற்கிறது என்றால் அது கவனக்குறைவுப் பிரச்சினை இல்லை, அதற்குச் சிகிச்சை இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்குப் போங்கள், அல்லது 14416 அடியுங்கள். டெலி மானஸ், இலவசம், எந்த நேரமும், தமிழில் பேசலாம்.

குழித்துறை, வங்கி ஊழியர்: ஒரே நேரத்தில் மூன்று வேலை பார்க்கப் பழகுவது எப்படி?

பழக வேண்டாம். ஒன்றை முடித்துவிட்டு அடுத்தது. பாதியில் விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், எங்கே விட்டீர்கள், அடுத்து என்ன என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள். இல்லையென்றால் பழைய வேலையின் மிச்சம் புதிய வேலைக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

கோட்டாறு, தமிழாசிரியர்: சிஸ்டர், ஒரே நேரத்தில் பல வேலை ஆகாது என்கிறீர்கள். எங்கள் இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னையில் சதாவதானம் செய்து காட்டினாரே, நூறு காரியம்! அது பொய்யா?

பொய் என்று நான் சொல்வேனா ஐயா? பாவலர் நம் மண்ணின் பெருமை. அப்போது திருவிதாங்கூரில் இருந்த ஊரிலிருந்து போய்ச் சென்னை அவையை அசரவைத்தவர். ஆனால் அவதானத்தில் நடப்பது என்ன என்று பாருங்கள். ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார், ஒருவர் கணக்குக் கேட்பார், ஒருவர் முதுகில் கல்லெறிவார், ஒருவர் மணி அடிப்பார். அவதானி ஒவ்வொருவரிடமும் போய்த் திரும்பி வருகிறார். மாறி மாறித்தான் போகிறார், விட்ட இடத்தை மட்டும் மறப்பதில்லை. பாட்டைப் பிடித்துவைக்க யாப்பு இருக்கிறது, எதுகை மோனை இருக்கிறது, அவையே ஓர் ஒழுங்கில் நடக்கிறது. வங்கிக் கவுன்ட்டரில் அந்த ஒழுங்கு இல்லை.

தோவாளை: அவதானம் பயிற்சி இல்லை, அருள். அதை அளக்காதீர்கள்.
நாகர்கோவில்: வெறும் மனப்பாடம்தான் அது. இப்போது யாருக்கு வேண்டும்?

இரண்டு பேருக்கும் மறுப்புச் சொல்கிறேன். அருள் மட்டும்தான் என்றால் அந்த வயதில் அவர் இலக்கணத்தில் அத்தனை உழைத்திருக்க வேண்டியதில்லை. வெறும் மனப்பாடம் என்றால் அவையில் அப்போதுதான் கொடுத்த ஈற்றடிக்கு எப்படிப் பாட்டு வரும்? ஆந்திராவில் இன்றும் எட்டுக் காரியம் செய்து காட்டும் அஷ்டாவதானம் நடக்கிறது, நேரே பார்த்தவர்கள் மனப்பாடம் என்று சொல்ல மாட்டார்கள். அவதானம் என்ற சொல்லுக்கே கவனம் என்றுதான் பொருள். நம் பிள்ளைகளுக்கு அந்தக் கலையைக் காட்டாமல் விட்டோமே என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

கோட்டாறு, அதே ஆசிரியர்: அப்படியென்றால் கற்றுக்கொள்ளலாம் அல்லவா?

கற்றுக்கொள்ளலாம் ஐயா, வருஷக்கணக்கில். உங்கள் வகுப்பில் தொடங்குங்கள். நடத்தும்போது நடுவில் ஒருவர் மேஜையைத் தட்டட்டும், பீரியட் முடிவில் எத்தனை தட்டு என்று கேளுங்கள். நெருக்கடியில் இருப்பவருக்கு மட்டும் இதைச் சொல்லாதீர்கள். அவருக்கு ஒரு வேலையே பாரம். சரி, அவதானம் போதும், காத்திருப்பவர்கள் நிறைய.

கொல்லங்கோடு: ஃபோன் பார்க்கும் பழக்கத்தை விட என்ன வழி?

அடுத்த அறை. மேலே சொல்லிவிட்டேன்.

தக்கலை: 25 நிமிஷம் படிப்பு, 5 நிமிஷம் ஓய்வு என்கிறார்களே?

நல்லதுதான். தக்காளி வடிவ அடுப்படிக் கடிகாரத்தை வைத்து ஓர் இத்தாலிக்காரர் தொடங்கியது. 25 என்பதில் மந்திரம் இல்லை, மனம் கலங்கிய நாளில் 10 நிமிஷம் வையுங்கள். ஓய்வில் ஃபோன் எடுத்தால் அது ஓய்வு இல்லை.

நெய்யாற்றின்கரை: கவனத்துக்கு ஒரு மாத்திரை நண்பன் தருகிறான். பரீட்சை வரைக்கும் போடலாமா?

போடாதே. இன்னொருவருக்கு எழுதிய மாத்திரை உனக்கு மருந்து இல்லை. படபடப்பு கூடும், தூக்கம் போகும், ரத்த அழுத்தம் ஏறும். கவனக் குறைபாடு உள்ளவர்களுக்கு அது பெரிய உதவி, ஆனால் அந்தக் குறைபாடு பன்னிரண்டு வயதுக்கு முன்பே தலைகாட்டியிருக்கும். பரீட்சை மாதத்தில் புதிதாக வராது. சந்தேகம் இருந்தால் மனநல மருத்துவரைப் பார்.

களியக்காவிளை, 46 வயது: எதிலும் கவனமில்லை, சோர்வு, மறதி.

அக்கா, முதலில் ரத்தத்தில் ஹீமோகுளோபினும் தைராய்டும் பாருங்கள். அதன்பிறகு பேசலாம்.

கருங்கல்: கட்டன் சாயா குடித்தால் கவனம் வருமா?

வரும். ஆனால் உள்ளே போன கஃபீன் பாதியாகவே சுமார் 5 மணி நேரம் ஆகும். மதியம் 2 மணிக்கு மேல் வேண்டாம்.

மேல்புறம்: ஃபோனை எப்படி...

அடுத்த அறை, மக்களே.

வள்ளவிளை, மறுபடி: அக்கா, 5 மணி சரி. ராத்திரி 2 மணிக்கு முழிப்பு வந்தால்?

படுக்கையிலேயே புரளாதீர்கள். எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் வேறோர் இடத்தில் உட்காருங்கள். ஃபோன் வேண்டாம், மணி பார்க்க வேண்டாம். மூச்சை மெதுவாக, உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக, ஐந்து நிமிஷம். பழைய துணியும் ஊசியும் பக்கத்தில் இருந்தால் ஓரம் மடியுங்கள். கண் சொக்கினால் போய்ப் படுங்கள். நாளைக்கு அவர் போட்டிலிருந்து பேசினாரா என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.