பதில்: எந்த நிறுவனத்தைப் பற்றிச் செய்தி எழுதுகிறோமோ, அதற்கே எழுதித் தரலாமா?

நீங்கள் எந்த ஆய்வு நிறுவனத்தைப் பற்றிச் செய்தி எழுதுகிறீர்களோ, அதுவே உங்களை நிருபர் வேலையை விடாமல் தங்களுக்குப் பத்திரிகைக் குறிப்புகளும் எழுதித் தரச் சொல்கிறது, ஏற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏற்காதீர்கள்.

நியூயார்க் டைம்ஸின் அறிவியல் செய்தியாளர் வில்லியம் லாரன்ஸை நினைத்துப் பாருங்கள். 1945இல் அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்தின் தலைவர் ஜெனரல் லெஸ்லி குரோவ்ஸ் அவரை அந்தத் திட்டத்துக்குள் சேர்த்துக்கொண்டார். பத்திரிகையின் ஆளாக இருந்தபடியே அமெரிக்கப் போர்த்துறைக்கு அறிக்கைகள் எழுதினார். நாகசாகித் தாக்குதலை விமானத்திலிருந்தே பார்த்தார். வேறு எந்த நிருபருக்கும் கிடைக்காத இடம் அது; 1946இல் புலிட்சர் பரிசும் வந்தது.

ஆனால் 1945 செப்டம்பர் 5 அன்று, ஹிரோஷிமாவில் காயமில்லாதவர்களும் மர்ம நோயால் இறப்பதாக ஆஸ்திரேலிய நிருபர் வில்ஃப்ரெட் பர்செட் எழுதிய செய்தி வெளியானது. அடுத்த சில நாட்களில் அதை மறுக்க, குரோவ்ஸ் நிருபர்களை முதல் அணுகுண்டு சோதிக்கப்பட்ட நியூ மெக்சிகோ தளத்துக்கு அழைத்துச் சென்றார். கதிரியக்கச் சாவுகள் பற்றிய பேச்சு ஜப்பானியப் பிரசாரம் என்ற அதிகாரிகளின் வாதத்தை லாரன்ஸ் செய்தியாக்கினார். அவர் அணு அறிவியல் தெரியாதவர் அல்லர். 1940இலேயே யுரேனியம் பற்றி விரிவாக எழுதியவர். எனக்கு அதுதான் மிகவும் வலிக்கிறது.

அழைப்பு வந்ததை ஆசிரியரிடம் இன்றே எழுத்தில் தெரிவியுங்கள். பணம் அவசியம் என்றால் நீங்கள் எழுதாத துறையில் வேலை தேடுங்கள். அந்த நிறுவனத்தின் ஆய்வுகளைப் பற்றி எழுதும்போது, அதனோடு தொடர்பில்லாத விஞ்ஞானி ஒருவரின் கருத்தையும் கட்டாயம் கேளுங்கள். எண்களைச் சரிபார்க்க அவர்களிடமே கேட்கலாம், முழுக் கட்டுரையை மட்டும் முன்கூட்டி அனுப்பாதீர்கள்.